பன்னிரண்டாவது டேக்

தேனியிலிருந்து வந்து ஆரப்பாளையத்தில் மாறி
யானைக்கல்லில் இறங்கும்போதே
கைப்பேசியில் அந்தக் காட்சியை நிறுத்தி வைத்திருந்தேன்.
ஒரு மணி பதினேழாவது நிமிடம்.
சேவுகன் ஓடுகிறான்
வெட்டுப்பட்ட தோளைப் பொத்தியபடி.

படத்தில் இந்த முனை திரும்பினால் ஆனைமலை.
அடிவாரத்து வயல், பனி,
எதற்கும் அசையாத ஒரு கொக்கு.
நிஜத்தில் இந்த முனை திரும்பினால்
ஒரு ஜெராக்ஸ் கடை.
அதற்கடுத்து மூட்டுவலித் தைலம்.
ஆனைமலைக்கு இங்கிருந்து
ஒத்தக்கடை பஸ் பிடித்து முக்கால் மணி நேரம்,
கோரிப்பாளையம் சிக்னல் மனது வைத்தால்.
வயலைத் தாண்டி மறுபடி ஒரு சந்துக்குள் நுழைவான்.
அந்தச் சந்தும் இதே சந்துதான்,
மறுமுனையிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.
உயிரைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஓடி
புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறான்.
பத்தொன்பது முறை பார்த்தும்
எனக்குத் தையல் தெரியவில்லை.

ஜெராக்ஸ் கடை துளசிராம் தலை நிமிரவில்லை.
"ரத்தம் விழுந்த எடமா?
டிரான்ஸ்ஃபார்மர் தாண்டி இடப்பக்கம்."
யாருடைய ரேஷன் கார்டோ
முன்னும் பின்னும் வெளிச்சத்தில் போய் வந்தது.
பிறகு அவராகவே,
"சீனிப்பாகுல கலர் போட்டு ஊத்துனாங்கம்மா.
மூணு நாளு எறும்பு."

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவுப் பணி.
சர்க்கரை நானூறு தாண்டியதை எல்லாம் பார்த்திருக்கிறேன்.
ஒரு எறும்புகூட வந்ததில்லை.

மூன்று படி, பச்சைக் கதவு.
படத்தில் நீலம்.
நகத்தால் சுரண்டினேன், பச்சைக்கு அடியில் நீலம் இருந்தது.
நீலத்துக்கு அடியில் வேறொரு பச்சை.

இங்கேதான் தட்டுவான்.
இங்கேதான் யாரும் திறக்க மாட்டார்கள்.
கேமரா கதவையே பார்த்துக்கொண்டிருக்க
தட்டும் சத்தம் கீழே இறங்கும்,
தோள் உயரத்திலிருந்து இடுப்புக்கு,
இடுப்பிலிருந்து வாசற்படிக்கு.

கைப்பேசியைத் தூக்கி
நிலைக்கு நிலை, படிக்குப் படி பொருத்தினேன்.
இன்னும் ஒரு சாண் பின்னால் போனால் சரியாகிவிடும்.
பின்னால் சாக்கடை.

கதவு திறந்தது.
நைட்டிக்கு மேல் துண்டு, கையில் பாதி உரித்த பூண்டு.
"போட்டோவா? எடுத்துக்க.
பைப்புல மட்டும் சாயாத, ஆடுது."
ஜெய்த்தூன் பீவி என்று பிறகு தெரிந்தது.

அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்க இருப்பேன், உள்ளதான்.
தாப்பாப் போட்டு உக்காருங்க, இருமக்கூடக் கூடாதுன்னாங்க.
ராத்திரி ரெண்டு மணி.
பதினோரு தடவை தட்டுனான் அந்தப் புள்ள.
கட்டுன்னு கத்துவாங்க, நான் மூச்சு விடுவேன்.
பன்னெண்டாவது தடவை தட்டுனது
நடிப்பு மாதிரி இல்லம்மா.
எந்திரிச்சுப் போயித் தொறந்துட்டேன்."

பூண்டுத் தோலை ஊதினார்.
அது பறந்து என் சுடிதாரில் ஒட்டியது.

"அம்புட்டுப் பேரும் வஞ்சாங்க.
அந்தப் பையன் மட்டும் படியில உக்காந்து
ஒரு செம்புத் தண்ணியக் குடிச்சான்.
கை நடுங்குச்சு அவனுக்கு.
பொறவு என்னைக் கொண்டுபோயி
தைலக்கடைக்குள்ள உக்கார வச்சுட்டாங்க.
ஆளில்லாத வீட்டத் தட்டுனான்.
அதத்தான் காட்டுனாங்களாமே?
நான் பாக்கல."

அடுப்பில் ஏதோ பிடித்த வாசனை வர
உள்ளே ஓடினார்.
கதவு அப்படியே கிடந்தது.
ஒரு கட்டில், ஒரு குக்கர், சுவரில் மாதக் காலண்டர்.
என் படங்கள் அனைத்திலும் கதவு சாத்தியிருந்தது.
இதை எடுக்கவில்லை.

ஒத்தக்கடை பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தது.
காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர்.
கோரிப்பாளையத்தில் சிவப்பு.
திரையில் சேவுகன்,
ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில்,
முனையை இன்னும் திரும்பவில்லை.
பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்தாள்.
"நல்ல படம்ல?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
விரல் பட்டு ஓடிவிடக் கூடாதென்று
ஓரங்களில் மட்டும் பிடித்துக்கொண்டேன்.